வெள்ளைச் சுறாவைக் கூண்டுக்குள் இருந்து பார்ப்பது: யாழ்ப்பாணத்தில் இருந்து புறப்படுவோருக்கு

சுறா என்றதும் யாழ்ப்பாணத்தாருக்கு முதலில் நினைவு வருவது வறைதான். பிள்ளை பெற்ற வீட்டில் பால்சுறா அவியும் வாசனையோடு வளர்ந்த ஒருவர், ஐந்து மீற்றர் நீளமான வெள்ளைச் சுறாவைப் பார்க்கக் காசு கட்டி இரும்புக் கூண்டுக்குள் இறங்கப் போவதாகச் சொன்னால், பாசையூர்ச் சம்மாட்டியார் சிரிக்கத்தான் செய்வார். ஆயினும் இப்பயணத்தில் சிரமம் தருவது சுறா அல்ல. குளிரும், கடலின் ஆட்டமும், காத்திருப்புமே. ஆயத்தத்தையும் அவற்றை நோக்கியே செய்ய வேண்டும்.

முதலில் இடம். மெக்சிக்கோவின் குவாடலூப்பே தீவில் இவ்வகைச் சுற்றுலாவை அந்நாட்டு அரசு 2023 இல் தடை செய்துவிட்டது. தென்னாபிரிக்காவின் கான்ஸ்பாயில் பெரும்பாலும் காலையில் போய்த் திரும்பும் படகுகளே உள்ளன. கப்பலிலேயே சில இரவுகள் தங்கி, நல்ல அறையில் உறங்கி, சூடான சாப்பாடு சாப்பிட்டுப் பார்க்க விரும்புவோர் தென் அவுஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனில் இருந்து நெப்டியூன் தீவுகளுக்குப் போவதே நல்லது. அங்கு இத்தொழிலைத் தொடக்கியவர்களுள் முதன்மையானவர், 1963 இல் ஈட்டிமீன்பிடிப் போட்டி ஒன்றின்போது வெள்ளைச் சுறாவிடம் கடிபட்டு உயிர் தப்பிய ரொட்னி ஃபொக்ஸ். கடித்த மீனைப் பகைக்காமல், பிறருக்கு அதைக் காட்டப் புறப்பட்டவர் அவர். நம் பக்கத்திலும் இதற்கு ஒரு முன்கதை உண்டு: மன்னார் முத்துக்குளிப்பில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதிய ‘கடல்கட்டி’மாருக்கு ஆங்கிலேயர் காலத்திலும் ஊதியம் கொடுக்கப்பட்டது. இன்று அவ்வேலையை இரும்புக் கம்பி செய்கிறது.

மாதத்தைத் தெரிவதில் அவசரம் வேண்டாம். அத்தீவுகளில் கடல்நாய்கள் கோடையில் குட்டி ஈனுகின்றன; குட்டிகள் பால்மறந்து நீரில் இறங்கும் குளிர்காலத்தில், அதாவது மே முதல் ஓகஸ்ட் வரை, பெரிய பெண் சுறாக்கள் வருகின்றன. கோடையில் நீர் 20 பாகை வரை சூடேறும், ஆனால் வருபவை பெரும்பாலும் சிறிய ஆண்களே. குளிர்காலத்து நீரோ 15 பாகை அளவுதான். காரைநகர்க் கசூரினாவின் வெந்நீர் போன்ற கடலில் குளித்த உடம்புக்கு அது கத்தி. நான் யூன் மாதத்தைப் பரிந்துரைப்பேன். ஓகஸ்ட் என்றால் நல்லூர்க் கொடியேற்றத்தோடு மோதும். சைவ விரதம் பிடிப்பவர், சுறாவை ஈர்க்க அரைத்த சூரை மீனும் இரத்தமும் கடலில் ஊற்றப்படும் கப்பலின் பின்தட்டில் நிற்பது சரிவராது.

கட்டுநாயக்காவில் இருந்து மெல்பேர்னுக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து அடிலெயிட், பின் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான சிறு விமானப் பயணத்தில் போர்ட் லிங்கன். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு முன்கூட்டியே பெற்ற விசா தேவை என்பதால், கப்பலுக்கு முழுப்பணத்தையும் கட்டுவதற்கு முன் விசாவை முடித்துக்கொள்ளுங்கள். காற்று கடுமையானால் கப்பல் புறப்படாது; எனவே பயணத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள்களை வெறுமையாக விடுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் நீர்மூழ்கல் அடங்குமா என்பதையும் வாசித்துப் பாருங்கள்.

மேற்பரப்புக் கூண்டில் இறங்கச் சான்றிதழ் தேவையில்லை. கப்பலில் இருந்து வரும் குழாயின் வழியே காற்று கிடைக்கும். கடலடிக்கு, ஏறத்தாழ இருபது மீற்றர் ஆழத்துக்கு, இறக்கப்படும் கூண்டுக்கு, காற்றுக்கலம் சுமந்து மூழ்கக் கற்றதற்கான ஸ்கூபாச் சான்றிதழ் கட்டாயம். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை திருகோணமலை நிலாவெளியில் அதைக் கற்கலாம். அருகிலுள்ள புறாத்தீவில் கருநுனிச் சுறாக்கள் ஆழமற்ற நீரில் உலாவுவதால் கண்ணும் பழகும். யூன் பயணம் அந்தப் பருவத்துக்கு நடுவில் வருவதால், பயிற்சியை முந்திய ஆண்டே முடிக்க வேண்டும். ஆஸ்துமா, இதயநோய், காதடைப்பு உள்ளவர்கள் மருத்துவரின் சொல்லைக் கேட்ட பின்னரே பதிவு செய்ய வேண்டும்.

வயிற்றைச் சோதிக்க மலிவான வழி, சோளகக் காற்று பலமாக வீசும் நாளொன்றில் குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் படகில் போய் வருவது. சத்தி வந்தால் மருத்துவரிடம் மாத்திரை கேட்டு, அதை ஊரிலேயே ஒருமுறை விழுங்கிப் பாருங்கள். சிலருக்குத் தூக்கம் அடித்துப்போடும். கப்பலிலே முதல் மாத்திரையை ஆட்டம் தொடங்கும் முன்னரே போட வேண்டும். எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். பாணும் இஞ்சித் தேநீரும் போதும்.

இறங்கும்போது 7 மில்லிமீற்றர் வெட்சூட், தலையுறை, கையுறை, சப்பாத்து எல்லாம் தருவார்கள். தலையுறையைப் போட்ட பிறகே, நீருக்குள் அணியும் முகக்கண்ணாடி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். என் முதல் இறக்கத்தில் தலையுறையின் இறப்பர் விளிம்பு முகக்கண்ணாடிக்குள் ஒரு விரற்கடை மடிந்து கிடந்ததைக் கவனிக்கவில்லை. நீர் சொட்டுச் சொட்டாக உள்ளே வந்து மூக்கு மட்டத்துக்கு ஏறியது. மேல் விளிம்பை அழுத்தி மூக்கால் ஊதி வெளியேற்றினால் மறுநிமிடம் மீண்டும் ஏறியது. அப்படி மூன்றாம் தடவை ஊதி நிமிர்ந்தபோது அருகில் நின்றவர் என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். நான் கண்டது தூரத்து நீலத்தில் கரையும் வாலை மட்டுமே. அந்த விளிம்பை ஒரு விரலால் சுற்றித் தடவிவிட்டு இறங்கியிருந்தால் போதும்.

கூண்டுக்குள் நிற்பதற்காக வழக்கத்தைவிடக் கூடுதல் ஈயம் கட்டுவார்கள். கால்களை அகட்டி நின்று, உள்கம்பியை மட்டும் பிடியுங்கள். கையும் கமராவும் வெளியே போகக் கூடாது. கமராவை மணிக்கட்டில் கட்டுங்கள், குளிரில் மின்கலம் விரைவில் தீரும் என்பதால் இரண்டு எடுத்துச் செல்லுங்கள். எல்லோரும் இரை கட்டிய கயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கீழேயும் பின்னேயும் பாருங்கள், ஏனெனில் சுறா பெரும்பாலும் அங்கிருந்தே எழும். அருகே வரும்போது வயிற்றடியில் இரு விரல்போல் நீட்டிய உறுப்புகள் இருந்தால் அது ஆண். முதுகுச் செட்டையின் பின்விளிம்பு வெட்டுகளைக் குறித்துக்கொண்டால், மறுநாள் வருவது அதே மீனா என்று சொல்லிவிடலாம். ஒரு மணித்தியாலம் வெறும் நீலத்தைப் பார்க்க நேரும் நாளும் உண்டு; மூன்று இரவுகளுக்குக் குறைந்த பயணத்தை நான் எடுக்கச் சொல்லாததற்கு அதுவே காரணம்.

நடுங்கத் தொடங்கினால் வீம்பு பார்க்காமல் மேலே ஏறி, உலர்ந்த உடை மாற்றிச் சூடாகக் குடியுங்கள். கடலடிக் கூண்டில் இறங்கியவர்கள் கடைசி இறக்கத்துக்குப் பின் 18 மணித்தியாலம் விமானம் ஏறக் கூடாது. கரையில் சுறாப் பல் விற்றால் வாங்காதீர்கள். வெள்ளைச் சுறாவின் எந்தப் பாகமும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வருவதால், கட்டுநாயக்கா சுங்கத்தில் பையைத் திறந்து விளக்கம் சொல்லும்படி ஆகிவிடும்.