அடுப்பு எரிகிறது, வெப்பநிலை ஏறவில்லை: 200 கிராம் ஐஸில் ஒரு சோதனை

அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது, பாத்திரத்தில் ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது. மூன்று நிமிடம் ஆகியும் தெர்மாமீட்டரின் சிவப்புக் கோடு 0-ஐ விட்டு அசையவில்லை. "மாமா, இது கெட்டுப்போச்சு" என்றான் ஏழாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகன். தெர்மாமீட்டர் நன்றாகத்தான் இருந்தது. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் மனதில் நிற்பதில்லை. அந்தக் கோடு அசையாமல் நிற்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும், மறக்கவே மறக்காது. அதனால் இதை வீட்டிலேயே செய்து பார்த்துவிடுவோம்.

என்னென்ன வேண்டும்

200 கிராம் ஐஸ், சின்ன எவர்சில்வர் பாத்திரம், மரக்கரண்டி, நேரம் பார்க்க ஒரு போன், நோட்டு. தெர்மாமீட்டர் −10 முதல் 110 டிகிரி வரை காட்டுவதாக இருக்க வேண்டும். பள்ளி அறிவியல் உபகரணங்கள் விற்கும் கடையில் கிடைக்கும். பாதரசம் உள்ளது வேண்டாம், சிவப்புத் திரவம் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதன் அளவு 42 டிகிரியோடு முடிந்துவிடும், சுடுநீரில் வைத்தால் உடையும். சிறுவர்கள் செய்தால் பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

படி 1: ஐஸை நொறுக்குங்கள்

ஐஸை ஒரு துணியில் சுற்றி, பூரிக்கட்டையால் தட்டி, கல் உப்பு அளவுக்குப் பொடியாக்குங்கள். இதில் சோம்பல் படக்கூடாது. முழுக் கட்டியாகப் போட்டால் அடியில் தண்ணீர் சூடாகிவிடும், மேலே ஐஸ் அப்படியே மிதக்கும். தெர்மாமீட்டர் எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்கு ஒரு அளவைக் காட்டும்.

படி 2: சிறு தீயில் வைத்துக் கிளறுங்கள்

அடுப்பைச் சிம்மில் வையுங்கள். கடைசி வரை தீயை மாற்றக் கூடாது. ஒவ்வொரு நிமிடமும் அதே அளவு வெப்பம் உள்ளே போனால்தான் நேரத்தை வைத்து வெப்பத்தைக் கணக்கிட முடியும். விடாமல் கிளறுங்கள். தெர்மாமீட்டரின் குமிழ் பாத்திரத்தின் அடியில் படக்கூடாது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் சைபருக்குக் கீழே இருக்கும். அது மளமளவென்று 0-க்கு வரும். அப்புறம் நின்றுவிடும். கடைசித் துணுக்கு ஐஸ் கரையும் வரை கோடு 0-க்குப் பக்கத்திலேயே இருக்கும்.

அப்படியானால் அடுப்பு கொடுக்கும் வெப்பம் எங்கே போகிறது? ஐஸில் தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. அந்தப் பிடியைத் தளர்த்தவே வந்த வெப்பம் முழுவதும் செலவாகிறது. வெப்பநிலை என்பது மூலக்கூறுகளின் ஓட்டத்தைக் காட்டும் அளவு. பிடி தளரும் வரை அந்த ஓட்டம் கூடுவதில்லை, ஆகவே கோடும் ஏறுவதில்லை. இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போகும் வெப்பத்துக்குத்தான் உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

இதை முதலில் அளந்து காட்டியவர் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜோசப் பிளாக். 1760களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில், இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் ஒரே எடைத் தண்ணீரை எடுத்தார். ஒன்றை உறைய வைத்தார், மற்றதை உறையும் தறுவாய் வரை குளிர வைத்தார். இரண்டையும் ஒரே கூடத்தில் வைத்துவிட்டார். தண்ணீர் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (சுமார் 4.4 செல்சியஸ்) வர அரை மணி நேரம் பிடித்தது. ஐஸ் உருகி அதே அளவுக்கு வரப் பத்தரை மணி நேரம்! அடுப்புகூட இல்லாமல், அறையின் காற்றை மட்டும் வைத்து இவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்த அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

படி 3: தண்ணீர் சூடாவதைக் கவனியுங்கள்

ஐஸ் கரைந்து முடிந்ததும் கோடு சீராக ஏறத் தொடங்கும். 1 கிராம் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க 1 கலோரி வேண்டும். 1 கிராம் ஐஸை உருக்க மட்டும் 80 கலோரி. அதாவது, ஐஸை உருக்கிய அதே வெப்பம் அந்தத் தண்ணீரை 0-லிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோகப் போதும்.

கொஞ்ச நேரத்தில் பாத்திரத்தின் சுவரில் கடுகை விடச் சின்னதாகக் குமிழ்கள் ஒட்டியிருக்கும். அது கொதி இல்லை, தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியே வருகிறது. பிறகு அடியிலிருந்து "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் கேட்கும். அடியில் உண்டாகும் நீராவிக் குமிழ்கள், மேலே உள்ள குளிர்ந்த தண்ணீரைத் தொட்டதும் அமுங்கிப்போகிற சத்தம் அது. சத்தம் அடங்கி, குமிழ்கள் மேல் வரை வந்து உடைந்தால், சரி, இப்போது கொதி வந்துவிட்டது.

படி 4: இரண்டாவது நிறுத்தம்

சென்னையில் கோடு 100-க்குப் பக்கத்தில் நிற்கும். ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு, அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதி வந்துவிடும். இப்போது மட்டும் தீயைக் கூட்டிப் பாருங்கள். தண்ணீர் தளதளவென்று துள்ளும், ஆனால் கோடு ஏறாது. கூட்டிய வெப்பம் தண்ணீரை இன்னும் வேகமாக ஆவியாக்குகிறது, அவ்வளவுதான். திறந்த பானையில் சோறு கொதித்ததும் தீயைக் குறைக்கச் சொல்வது இதற்காகத்தான். பெருந்தீ வைத்தாலும் அரிசிக்குக் கிடைப்பது அதே 100 டிகிரி. குக்கர் கதை வேறு, உள்ளே அழுத்தம் கூடுவதால் 120 டிகிரி வரை போகும்.

1 கிராம் தண்ணீர் முழுவதும் ஆவியாக 540 கலோரி வேண்டும். ஆகவே ஐஸ் உருக 4 நிமிடம் என்றால், கொதி வர 5 நிமிடமும் முழுதும் வற்ற 27 நிமிடமும் ஆக வேண்டும். எங்களுக்குக் கொதி வர ஆறரை நிமிடம் ஆனது. பாத்திரம் சூடாகச் சூடாகச் சுற்றியுள்ள காற்றுக்கும் வெப்பம் போய்விடுகிறது. உங்கள் கணக்கும் இப்படி விலகினால் கவலை வேண்டாம். வற்றும் வரை காத்திருக்கவும் வேண்டாம், பாத்திரம் கருகும். ஐந்து நிமிடம் கொதித்ததும் அணைத்துவிடுங்கள்.

படி 5: அடுப்பில்லாமல் ஒரு சரிபார்ப்பு

100 கிராம் ஐஸை ஃபிளாஸ்கில் போட்டு, 80 டிகிரியில் உள்ள 100 கிராம் தண்ணீரை ஊற்றிக் குலுக்குங்கள். நாற்பது டிகிரி வரும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள், 0-க்குக் கொஞ்சம் மேலே இருக்கும். சுடுநீரின் 80 டிகிரிச் சூடும் ஐஸை உருக்கியே தீர்ந்துபோய்விட்டது.

ஆவி குளிர்ந்து தண்ணீராகும்போது அந்த 540 கலோரியையும் திருப்பித் தந்துவிடும். இட்லிப் பானையில் மாவு வேகிறது அப்படித்தான்: ஆவி தட்டின் மேல் படிந்து தண்ணீராகும்போது தன் வெப்பத்தை மாவுக்குக் கொடுக்கிறது. கையில் பட்டாலும் அதே 540 கலோரிதான், அதனால்தான் கொதிநீரை விட ஆவி மோசமாகச் சுடும். இட்லிப் பானையின் மூடியை எடுக்கும்போது, ஆவி உங்களை விட்டு அந்தப் பக்கம் போகும்படி சாய்த்து எடுங்கள்.