குடலிறக்கம் ஆபரேஷனுக்குப் போகும் தறிக்காரர்களுக்கு

சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவர்களுக்குக் குடலிறக்கம் புதிதில்லை. பாவு பீம், அதாவது நெசவு நூல் சுற்றிய கனமான உருளையைத் தூக்கித் தூக்கி அடிவயிற்றோரம் ஒரு புடைப்பு வரும். படுத்தால் உள்ளே போய்விடுவதால் வருஷக்கணக்கில் யாரும் சட்டை செய்வதில்லை. அது உள்ளே போகாமல் கல்லு மாதிரி நின்று, வலியும் வாந்தியும் சேர்ந்துகொண்டால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குடல் மாட்டி ரத்த ஓட்டம் நின்றுபோயிருக்கலாம். அந்த நிலைக்குப் போகாமல் நாள் குறித்துச் செய்துகொள்ளுங்கள். எனக்கும் அப்படித்தான், புடைப்பு வந்த இடத்தில் தாங்கலுக்கு வலை வைத்துத் தைத்தார்கள்.

முதலில் இருமலைக் கவனியுங்கள். தறிக்குடோன் பஞ்சு நம்மைச் சும்மா விடாது. இருமுகிற ஒவ்வொரு முறையும் தையலில்தான் பாரம் விழும். பீடி, சிகரெட்டை நாலு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். மலச்சிக்கல், சிறுநீரை முக்கிப் போவது எல்லாம் இருந்தால் அதையும் சொல்லி மருந்து வாங்குங்கள்.

பணத்துக்கு, மில் சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்கள் கோவை சிங்காநல்லூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் கேட்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருந்தால், உங்கள் ஆபரேஷனுக்கு அந்த ஆஸ்பத்திரியில் அது செல்லுமா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் பில்தான் வரும்.

இனி முக்கியமான ஆள், மயக்க டாக்டர். அவரிடம் எதையும் மறைக்கக் கூடாது. என்னிடம் அவர் "குடிப்பீங்களா?" என்று கேட்டபோது மாமனார் பக்கத்திலேயே நின்றிருந்தார். "மாமா, ஒரு டீ வாங்கிட்டு வர்றீங்களா?" என்று அவரைக் கீழே அனுப்பிவிட்டு, சம்பளம் போடும் சனிக்கிழமைக் கணக்கை ஒளிக்காமல் சொன்னேன். டாக்டர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை, எழுதிக்கொண்டார். சர்க்கரை, பிரஷர் மாத்திரை, ஆடுகிற பல், ஒத்துக்கொள்ளாத மருந்து, நாட்டு மருந்துக் கடை லேகியம் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்திதான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

அடிவயிற்று முடியை வீட்டில் பிளேடால் மழிக்காதீர்கள். சின்னக் கீறலிலும் கிருமி ஏறும். தேவையென்றால் அங்கேயே மெஷினில் எடுப்பார்கள். வெள்ளி அரணாக்கொடியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

வெறும் வயிறு என்றால் வெறும் வயிறுதான். "ஒரு வாய் காப்பி குடிச்சா என்னாகுதுங்?" என்று வீட்டில் யாராவது டம்ளரை நீட்டுவார்கள். பால் சேர்ந்த காப்பியும் சாப்பாட்டுக் கணக்குதான். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தண்ணீரை எத்தனை மணி வரை குடிக்கலாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதுகில் ஊசி போட்டால் கால் கொஞ்ச நேரம் நம்முடையதாகவே இருக்காது. பயப்பட வேண்டாம், உணர்வு திரும்பிவிடும். அதன் பிறகு சிறுநீர் போகாவிட்டாலோ, உட்கார்ந்தால் தலைவலி வந்து படுத்தால் குறைந்தாலோ நர்சிடம் சொல்லுங்கள்.

எழுந்திருக்கும்போது நேராக எழாதீர்கள். ஒருக்களித்துப் படுத்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். இருமல் வந்தால் தலையணையைத் தையல் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். அவர்கள் நடக்கச் சொன்னதும் நடந்துவிட வேண்டும். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும். விதைப்பை கொஞ்சம் வீங்கி நீலம் பாரிப்பதும் உண்டு. முன்கூட்டி யாரும் சொல்வதில்லை, அதனால் ஆம்பிளைகள் அரண்டுபோகிறார்கள். இறுக்கமான ஜட்டி போட்டால் சுகமாக இருக்கும். வீக்கமோ வலியோ கூடிக்கொண்டே போனாலும், காய்ச்சல், சீழ் வந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

பத்தியம் என்று வீட்டில் பருப்பையும் முட்டையையும் நிறுத்துவார்கள். புண் ஆறுவதற்கு அவைதான் வேண்டும். அரிசியும் பருப்பும் சாதம், பச்சைப்பயறு கடைசல், கீரை, பப்பாளி, நிறையத் தண்ணீர். முக்காமல் வெளிக்குப் போக வேண்டுமே!

பாவு பீம் பக்கம் ஆறு வாரத்துக்குப் போகாதீர்கள். நிறைகுடமும் தூக்கக் கூடாது. முதலாளியிடம் முன்பே பேசி பாவு ஏற்ற ஆள் பார்த்து வைத்துவிடுங்கள். டிவிஎஸ் எக்ஸ்எல்லைத் தொடும் முன் டாக்டரைக் கேளுங்கள். சடாரென்று பிரேக் போட்டால் இடுப்பு வலிக்காது என்கிற நிலை வந்திருக்க வேண்டும்.