ஆங்கில உச்சரிப்பின் மாற்றத்தை ஒரே கேள்வியால் அளப்பது எப்படி?

1962 நவம்பரில் அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் நியூயார்க்கின் மூன்று பெரிய கடைகளுக்குப் போய், நான்காம் மாடியில் இருப்பதாகத் தமக்கு முன்பே தெரிந்த ஒரு பொருளைச் சொல்லி, அது எங்கே கிடைக்கும் என்று விற்பனையாளர்களை விசாரித்தார். "ஃபோர்த் ஃப்ளோர்" என்று பதில் வரும். காதில் சரியாக விழாதவரைப் போல அவர் சற்றே முன்னால் குனிந்து மறுபடி கேட்பார். அதே பதில் இம்முறை நிதானமாக, அழுத்தத்தோடு வரும். பிறகு பதில் சொன்னவரின் பார்வையிலிருந்து விலகி நின்று, ரகர மெய் எங்கெங்கே ஒலித்தது என்று எழுதிக்கொள்வார். ஏறத்தாழ ஆறரை மணி நேரத்தில் 264 பேரிடம் இப்படிக் கேட்டு முடித்தார். ஒலிப்பதிவுக் கருவிகூட இல்லாமல் நடந்த இந்த ஆய்வுதான், ஆங்கிலத்தின் உச்சரிப்பு வேறுபாடுகளை ஆராய விரும்பும் மாணவர் முதலில் பயின்று பார்ப்பதற்கு ஏற்றது என்பது என் கருத்து.

ஆய்வுக்கு எடுக்கும் ஒலி, பொருள் மாறாமல் இரண்டு விதமாகச் சொல்லக்கூடியதாகவும், சாதாரணப் பேச்சில் அடிக்கடி வருவதாகவும், கேட்ட கணத்திலேயே வேறுபாடு புலப்படுவதாகவும் இருக்க வேண்டும். அன்றைய நியூயார்க்கில் ரகர மெய் அப்படிப்பட்டது: பலர் 'ஃப்ளோ' என்று உயிரை நீட்டி முடித்தார்கள், மதிப்பு மிக்கதாக எழுந்துவந்த புதிய உச்சரிப்பில் ரகரம் தெளிவாக ஒலித்தது. தமிழர்களாகிய நாம் இங்கே கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும். எழுத்தில் இருப்பதை ஒலித்தே ஆங்கிலம் கற்ற காது, பேசுபவர் விட்டுவிட்ட ரகரத்தையும் தானே சேர்த்துக் கேட்டுவிடும். ஆகவே களத்துக்குப் போகும் முன், இரண்டு உச்சரிப்புகளும் கலந்த பதிவுகளைக் கேட்டுக் குறித்து, சில நாள் கழித்துப் பழைய குறிப்பைப் பார்க்காமல் மீண்டும் குறித்து, இரண்டும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கேள்வி. தம் பேச்சு கவனிக்கப்படுகிறது என்று தெரிந்ததும் மனிதர் பேசும் விதம் மாறிவிடும். கவனிக்காதபோது அவர் எப்படிப் பேசுகிறார் என்பதுதான் நமக்கு வேண்டும். இந்தச் சிக்கலை லபோவ் கடந்த வழி, கேள்வியை அந்த இடத்தின் அன்றாட வேலையோடு கலந்துவிட்டதுதான். கடைக்காரரிடம் வழி கேட்பதில் ஐயப்பட எதுவும் இல்லை. உங்கள் கேள்வியும் அப்படி இயல்பாக இருக்க வேண்டும். நீங்கள் தேடும் ஒலி பதிலில் வந்தே தீர வேண்டும். அந்தச் சொல்லை நீங்கள் முதலில் உச்சரித்துவிடக் கூடாது.

இடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, அவற்றுக்கிடையே நீங்கள் சோதிக்க விரும்பும் வேறுபாடு வெளிப்படையாக இருக்கட்டும். விலை மிகுந்த சாக்ஸ், நடுத்தரமான மேசிஸ், மலிவான கிளைன் என்று லபோவ் எடுத்துக்கொண்ட மூன்று கடைகளில், ரகரத்தை எப்போதுமோ சில வேளைகளிலோ ஒலித்த ஊழியர்கள் முறையே 62, 51, 20 விழுக்காடு. மேசிஸ் ஊழியர்கள் அழுத்திச் சொன்ன இரண்டாம் பதிலில், 'ஃப்ளோர்' என்ற சொல்லின் இறுதி ரகரத்தைச் சாக்ஸ் ஊழியர்களுக்கு மிக நெருக்கமான அளவில் ஒலித்ததுதான் எனக்கு இந்த ஆய்வின் மிக அழகான செய்தி. எது உயர்ந்த உச்சரிப்பு என்று அவர்கள் அறிந்திருந்தார்கள், ஆனால் இயல்பாகப் பேசும்போது அதை அதே அளவுக்குக் கையாளவில்லை என்பதை அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது. இரண்டாம் முறை கேட்பதை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

எண்ணும்போது பெரும்பாலோர் தவறுவது ஓரிடத்தில்தான்: ஒலித்தவற்றை மட்டும் எண்ணுகிறார்கள். ஒருவரின் இரண்டு பதில்களில் ரகரம் வரக்கூடிய இடங்கள் நான்கு. நான்கையும் எழுதி, ஒவ்வொன்றிலும் ஒலித்ததா இல்லையா என்று குறித்தால்தான் விழுக்காட்டுக்குப் பொருள் உண்டு. ஐயமானவற்றைத் தனியே வையுங்கள். மதிப்பிட்ட வயது, பாலினம், பணி, எந்த மாடி ஆகியவற்றையும் உடனே எழுதிவிட வேண்டும். மாலையில் நினைவிலிருந்து எழுதுவது ஆகாது.

இளையோர் பேச்சையும் மூத்தோர் பேச்சையும் ஒப்பிட்டு மாற்றத்தை ஊகிக்கும்போது அவசரம் கூடாது. சாக்ஸில் இளையோர் ரகரத்தை அதிகம் ஒலித்தார்கள். மேசிஸிலோ மூத்தோரே அதிகம் ஒலித்தார்கள். எல்லோரையும் ஒன்றாகக் கூட்டியிருந்தால் இந்த எதிர்த்திசைப் போக்கு மறைந்திருக்கும். உறுதியான சான்று வேண்டுமென்றால் ஆண்டுகள் கழித்து அதே கேள்வியோடு திரும்பிப் போக வேண்டும். 1986இல் ஜாய் ஃபவுலர் என்ற ஆய்வாளர் அதைச் செய்தார். கிளைன் அதற்குள் மூடப்பட்டிருந்ததால் அதே தரத்திலான வேறொரு கடையைச் சேர்த்துக்கொண்டார். ரகரத்தின் பயன்பாடு கூடியிருந்தது. கடைகளின் வரிசை மாறவில்லை. உங்கள் ஆய்வையும் பின்னால் ஒருவர் திரும்பச் செய்ய இயலுமாறு, கேட்ட சொற்களை அப்படியே, இடம், நாள், நேரத்தோடு எழுதி வையுங்கள். பதில் சொன்னவர்களின் பெயர் அதில் வேண்டாம்.