மூளை ஸ்கான் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: படத்தை விட்டு நோயாளியை எண்ணுங்கள்

கணினியைப் பயிற்றுவித்து மூளைக் கட்டியை எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து 99 சதவீதம் சரியாகக் கண்டுபிடிக்கிறோம் என்று ஓர் ஆய்வறிக்கை சொன்னால், முதலில் கேட்க வேண்டியது இதுதான்: தரவைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தது படவாரியாகவா, நோயாளிவாரியாகவா? கொழும்பிலும் மொறட்டுவையிலும் இந்தத் தலைப்பை இறுதியாண்டு ஆய்வுக்கு எடுக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கான உழைப்பு இந்த ஒரே இடத்தில் பாழாகிவிடக்கூடும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

அடிக்கடி எடுத்தாளப்படும் திறந்த தரவுத்தொகுப்பு ஒன்றில் 3064 படங்கள் இருக்கின்றன. மூன்று கட்டி வகைகள்: மெனிஞ்சியோமா 708, கிளையோமா 1426, பிட்யூட்டரிக் கட்டி 930. சீனாவின் இரண்டு வைத்தியசாலைகளில் 2005க்கும் 2010க்கும் இடையில் எடுத்தவை. ஆனால் நோயாளிகள் 233 பேர்தான். ஆளுக்குச் சராசரியாக 13 படங்கள். ஒரே ஆளின் அடுத்தடுத்த குறுக்குவெட்டுப் படங்களில் அதே கட்டி, அதே மண்டையோடு, அதே இரைச்சல்தான் இருக்கும். 3064 படங்களையும் கலைத்துப் போட்டு 80க்கு 20 என்று பிரித்தால், ஏறத்தாழ எல்லா நோயாளிகளும் இரண்டு பக்கமும் வந்துவிடுவார்கள். மாதிரி, அதாவது படங்களிலிருந்து கற்கும் கணினி நிரல், கட்டியின் வகையைக் கற்கத் தேவையே இல்லை, ஆளை அடையாளம் கண்டாலே போதும். மதிப்பெண் தானாக ஏறிவிடும்.

இதற்கு மருந்து அந்தத் தொகுப்புக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு கோப்பிலும் பி.ஐ.டி. என்ற பெயரில் நோயாளிக் குறியீடு உண்டு. ஐந்து மடிப்புச் சோதனைக்கான (தரவை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் ஒருமுறை சோதனைக்கு வைப்பது) பிரிப்புப் பட்டியலையும் தொகுத்தவர்களே தந்திருக்கிறார்கள். படங்களை ஜேபெக்காக மாற்றி வேறு தளங்களில் ஏற்றிய பல பிரதிகளில் இந்தக் குறியீடு காணாமல் போய்விடுகிறது. எனவே மூலக் கோப்பையே இறக்குங்கள். பைதன் நிரல்மொழியில் சைக்கிட்-லேர்ன் நூலகத்தைப் பயன்படுத்துவோர் சாதாரண பிரிப்புக்குப் பதிலாக, ஒரு குழுவை இரண்டு பக்கமும் சிதறவிடாத குரூப்-கே-ஃபோல்டை எடுத்து, குழுவுக்கு நோயாளிக் குறியீட்டைக் கொடுக்க வேண்டும். படத்தைத் திருப்பி, சுழற்றிப் பெருக்குவதும் பிரித்த பிறகுதான், அதுவும் பயிற்சிப் பக்கத்தில் மட்டும். பிரிப்பதற்கு முன்பே பெருக்கினால் ஒரே படத்தின் இரண்டு நகல்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிடும்.

அல்சைமர் பக்கம் நிலைமை இன்னும் மோசம். காகிள் என்ற தரவுப் பகிர்வுத் தளத்தில் கிடைக்கும் 6400 படங்கள் கொண்ட தொகுப்பில் நோய் இல்லாதோர் 3200, மிக இலேசான நிலை 2240, இலேசான நிலை 896, மிதமான நிலை 64. ஒயாசிஸ்-1 என்ற பழைய ஆய்வுத்தொகுப்பில் அதே மூன்று நோய்நிலைகளில் இருப்பவர்கள் 70, 28, 2 பேர். வகுத்துப் பாருங்கள்: மூன்றிலும் ஆளுக்கு 32 என்று மிச்சமில்லாமல் வருகிறது. அந்தக் கணக்கின்படி, மிதமான நிலை என்ற வகுப்பு முழுவதும் இரண்டே இரண்டு மனிதர்களின் மூளை. இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஒரு நோய்நிலையைக் கற்பிக்கவும் முடியாது, சோதிக்கவும் முடியாது. எந்த வகுப்பிலும் படங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஆட்களின் எண்ணிக்கையையும் எழுதும் வழக்கம் வந்தாலே பாதிப் பிரச்சினை வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

முடிவைச் சொல்லும்போதும் ஆட்கணக்குத்தான். சோதனையில் 20 நோயாளிகள், 18 பேர் சரி என்றால் 90 சதவீதம். ஆனால் அதன் 95 சதவீத நம்பக இடைவெளி, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய வீச்சு, ஏறக்குறைய 70 முதல் 97 வரை விரிகிறது. அந்த இரண்டு எண்களையும் போடாமல் 90ஐ மட்டும் போடுவது வாசகருக்குச் செய்யும் அநியாயம்.

மாதிரி எதைப் பார்க்கிறது?

கொவிட் காலத்தில் நெஞ்சு எக்ஸ்ரே மாதிரிகள் குவிந்தன. 2021இல் வெளியான ஒரு மீளாய்வு 2212 ஆய்வுகளைத் திரட்டி, அவற்றில் 62ஐ நுணுகிப் பார்த்தது. சிகிச்சையில் பயன்படுத்தத் தகுந்தது என்று ஒன்றுகூடத் தேறவில்லை. சிலர் கொவிட் நோயாளிகளாகப் பெரியவர்களையும், ஒப்பீட்டுக்கு 1 முதல் 5 வயதுக் குழந்தைகளின் எக்ஸ்ரேக்களையும் எடுத்திருந்தார்கள். அந்த மாதிரி பிரித்தறிந்தது நோயை என்று யாரால் சொல்ல முடியும்? வயதை வைத்தே பிரித்துவிடலாமே.

நம் ஊரிலும் இதே பொறி காத்திருக்கிறது. நோயாளிகளின் ஸ்கானை அரசாங்க வைத்தியசாலை ஒன்றிலும், ஆரோக்கியமானவர்களின் ஸ்கானைத் தனியார் நிலையம் ஒன்றிலும் எடுத்தால், மாதிரி இயந்திர வேறுபாட்டைக் கற்றுக்கொள்ளும். ஒவ்வொரு இயந்திரத்திலிருந்தும் இரு வகையினரையும் எடுங்கள். அது முடியாவிட்டால், மூளைப் பகுதியை முழுவதும் மறைத்துவிட்டு ஓரங்களை மட்டும் கொடுத்துப் பயிற்றுவித்துப் பாருங்கள். அப்போதும் மதிப்பெண் நன்றாக வந்தால் உங்கள் தரவில் ஓட்டை இருக்கிறது.

சி.ரி. படத்தை ஜேபெக்காக்கும்போது

சி.ரி. அளவுகோலில் காற்று -1000, நீர் 0. மூளையின் சாம்பல் நிறப் பொருளுக்கும் வெண்பொருளுக்கும் இடையே ஏறத்தாழ 10 அலகுதான் வித்தியாசம். பக்கவாதத்தின் முதல் சில மணித்தியாலங்களில் தேட வேண்டிய மாற்றம் அதைவிடவும் சிறியது. இப்போது 2000 அலகு அகலமான ஜன்னலை (படத்தில் காட்ட எடுக்கும் அளவுகளின் வீச்சை) 256 சாம்பல் படிகளுக்குள் அடக்கினால் ஒரு படிக்கு கிட்டத்தட்ட 8 அலகு. தேடிவந்த தகவல் அங்கேயே அழிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு எந்த வலையமைப்பாலும் அதை மீட்க முடியாது. ஸ்கான் இயந்திரம் தரும் மூல வடிவமான டைகொம் கோப்பையே படியுங்கள். அதிலுள்ள சரிவு எண்ணால் பெருக்கி, வெட்டு எண்ணைக் கூட்டி அளவுகோலுக்குக் கொண்டுவந்த பிறகு, மூளைக்கு வழக்கமான அகலம் 80, மையம் 40 என்ற ஜன்னலை வையுங்கள். பக்கவாதத்துக்கு அகலம் 40 வரை குறைக்கலாம்.

இடம் வலம் மாறுவதும் சத்தமில்லாமல் நடக்கும். டைகொமில் இட-வல அச்சின் எண் கூடும் திசை நோயாளியின் இடப்பக்கம், மூளை ஆய்வில் பயன்படும் நிஃப்டி என்ற கோப்பு வடிவத்தில் வலப்பக்கம். மாற்றிய பின் கட்டி எந்தப் பக்கம் என்பதைக் கதிரியக்கவியல் நிபுணரின் அறிக்கையுடன் சிலருக்காவது ஒப்பிட்டுப் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் செயற்பாட்டு எம்.ஆர்.ஐ. செய்வோருக்கு ஒரே ஒரு சொல். மூளையை 60,000 புள்ளிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் 0.001 என்ற வரம்பில் (தற்செயலாகத் தேறும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று) சோதித்தால், எதுவுமே நடக்காத மூளையிலும் சராசரியாக 60 புள்ளிகள் ஒளிரும். 2009இல் செத்த சால்மன் மீனை ஸ்கான் செய்து, திருத்தம் செய்யாத கணக்கில் அதன் மூளையும் வேலை செய்வதாகக் காட்டினார்கள். இத்தனை சோதனைகளில் தற்செயலாகத் தேறுபவற்றைக் கழிக்கும் பன்முகச் சோதனைத் திருத்தம் இல்லாத படத்தை வெளியிடவே கூடாது.

95 சதவீதம் என்றால் யாருக்கு?

நோயுள்ளோரில் 95 சதவீதத்தினரைப் பிடிக்கும், நோயற்றோரில் 95 சதவீதத்தினரைச் சரியாக விடுவிக்கும் சோதனை ஒன்றை, 100இல் ஒருவருக்கு நோய் இருக்கும் சமூகத்தில் 10,000 பேரிடம் செய்தால், உண்மையான 100 நோயாளிகளில் 95 பேர் அகப்படுவர். நோயற்ற 9,900 பேரில் 495 பேருக்கும் நோய் என்றே வரும். அதாவது நோய் என்று சொல்லப்படும் 590 பேரில் 16 சதவீதத்தினருக்குத்தான் நோய். கிளினிக்கில் பாதிக்குப் பாதி நோயாளிகளை வைத்துச் சோதித்த எண்ணை ஊருக்குப் பொருத்தினால் நூற்றுக்கணக்கான குடும்பங்களை வீணாகக் கலங்கவைப்போம்.

பெயரை எடுக்கும்போது

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகையில் வைத்திருக்கிறது. ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி கையில் வந்த பிறகுதான், பழைய ஸ்கான்களாக இருந்தாலும், தொட வேண்டும். பெயர், பிறந்த திகதி ஆகிய புலங்களை நீக்குவதோடு முடிந்துவிடாது. கோப்பின் பெயர், உற்பத்தியாளரின் தனிப் புலங்கள், அல்ட்ராசவுண்ட் படத்தின் மேல் மூலையில் பதிந்த எழுத்துகள் எல்லாவற்றையும் பாருங்கள். தலை எம்.ஆர்.ஐ.யில் முகமே இருக்கிறது, அதையும் நீக்கியாக வேண்டும்.

ஆனால் நோயாளி இலக்கத்தை அடியோடு அழித்தால், மேலே சொன்ன நோயாளிவாரிப் பிரிப்பு அடுத்தவருக்குச் சாத்தியமற்றுப்போகும். ஆளுக்கொரு எழுந்தமானக் குறியீடு கொடுத்து, எந்தக் குறியீடு யாருடையது என்ற திறவுப் பட்டியலை வைத்தியசாலையிலேயே வைத்திருப்பதுதான் வழி. தேசிய அடையாள அட்டை இலக்கத்தைச் சங்கேதமாக்கிப் பயன்படுத்தாதீர்கள்: பிறந்த ஆண்டும் நாளும் அதற்குள்ளேயே இருப்பதால், சாத்தியமான இலக்கங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே உடைத்துவிடலாம். பட்டியலைத் தயாரிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். 2015இல் பழைய இலக்கத்தோடும் 2019இல் புதியதோடும் ஸ்கான் எடுத்த ஒருவர் பட்டியலில் இரண்டு பேராக நிற்பார். முதலில் பழைய இலக்கத்தின் ஐந்தாவது எண்ணுக்குப் பின் 0ஐ நுழைத்து, பிறகு முன்னால் 19ஐச் சேர்த்து, கடைசி எழுத்தை நீக்கினால் புதிய வடிவம் கிடைக்கும். குறியீடு கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.