ஸ்லாஷர் எழுதுகிறவர்களே, அந்தப் புல்தரை காலியாகவே கிடக்கட்டும்

மாதத்துக்கு ஒன்றிரண்டு ஸ்லாஷர் ஸ்கிரிப்ட்டாவது, அதாவது ஒரு கொலைகாரன் ஒவ்வொருவராகத் துரத்திக் கொல்லும் திகில் கதையாவது, என் கைக்கு வந்துவிடும். குறும்படம் எடுத்துக் கை பழகி, முதல் முழுநீளப் படத்துக்குத் தயாராகிறவர்கள் எழுதியவை. படிக்கப் படிக்க என் பழைய நோட்டைப் புரட்டுவதுபோலவே இருக்கும். செல்போனில் சிக்னல் இல்லை, கார் ஸ்டார்ட் ஆகவில்லை, வாசல் திறந்திருக்க மாடிக்கு ஓடுகிறாள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நண்பர்களே சிரித்துத் திருத்திவிடுவார்கள்.

முதல் பாகத்திலேயே இரண்டாம் பாகத்துக்கு விதை போடுவது

இதைப் பார்த்தால் மட்டும் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எட்டு மாதம் இதில் தொலைத்தவன் நான். என் முதல் படத்தில் கொலைகாரனுக்கு ஓர் அண்ணன் உண்டு என்று மூன்று காட்சிகளில் ஜாடை காட்டியிருந்தேன். சுவரில் ஒரு போட்டோ, பிரிக்காத ஒரு கடிதம், கிழவி ஒருத்தி பாதியில் விழுங்கிவிடும் ஒரு வசனம். விடையெல்லாம் பார்ட் டூவில். படம் வெளியான பிறகு தயாரிப்பாளர் என் போனையே எடுக்கவில்லை. பார்ட் டூவும் வரவில்லை. அந்தப் போட்டோ மட்டும் இன்னும் படத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது, யாருடையது என்று தெரியாமல்.

இதைச் சொன்னால் எல்லோரும் காட்டும் சாட்சி ஒன்றுதான்: 1978-இல் ஜான் கார்பென்டர் எடுத்த ‘ஹாலோவீன்’. “அதுலயும் கடைசில அவன் சாகலையே சார்?”

சாகவில்லைதான். அந்தக் கடைசி நிமிடத்தைச் சத்தத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள். குண்டடி பட்ட கொலைகாரன் மைக்கேல் மயர்ஸ் பால்கனியிலிருந்து விழுகிறான். அவனைச் சுட்ட அவனுடைய மனநல டாக்டர் எட்டிப் பார்க்கிறார், கீழே புல்தரை காலி. படம் அங்கே நிற்பதில்லை. நாம் முன்பு பார்த்த இடங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன: ஆளில்லாத கூடம், மாடிப்படி, இருட்டில் நிற்கும் வீடுகள். கூடவே அவன் மூச்சுச் சத்தம். எந்த அறையில் நின்று மூச்சு விடுகிறான் என்று நமக்குத் தெரியாது. அவ்வளவுதான், கதை முடிந்தது. இதைப் போய் ‘தொடரும்’ என்று படித்துக்கொண்டால் என்ன செய்வது?

1981-இல் வந்த இரண்டாம் பாகம் அதே இரவில் தொடங்குகிறது. அவன் தெருவில் நடக்கிறான், ஆஸ்பத்திரிக்குப் போகிறான். மூச்சுக்கு ஒரு விலாசம் கிடைத்துவிட்டது. போதாக்குறைக்கு, அவனிடமிருந்து தப்பிக்கும் கதாநாயகி லாரி அவன் தங்கையாம்! முதல் படத்தில் அவளை ஏன் பின்தொடர்ந்தான்? அப்பா சொன்னார் என்று, பாழடைந்துபோன அவனுடைய பழைய வீட்டு வாசலில் சாவி வைக்கப் போனாள். அவன் உள்ளே நின்றிருந்தான். வேறு காரணமே கிடையாது. அந்த வாசலுக்கு நானும் போயிருக்கலாம், நீங்களும் போயிருக்கலாம். தங்கை என்று ஆனதும் அது அவர்கள் குடும்பத் தகராறு. நான் விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடுவேன். 37 வருடம் கழித்து, 2018-இல் வந்த ‘ஹாலோவீன்’ அந்த உறவை யாரோ கட்டிவிட்ட கதை என்று ஒரே வசனத்தில் தள்ளிவிட்டது. அதற்குள் எத்தனை பாகங்கள் அந்தத் தங்கை உறவைச் சுமந்துகொண்டு அலைந்தன!

ஆகவே உங்கள் அண்ணன், தங்கை, கடிதம் எதுவானாலும் இந்தப் படத்துக்குள்ளேயே செலவாகட்டும். இல்லையா, வெட்டிவிடுங்கள்.

கொலைகாரனின் சின்ன வயசு

காட்டலாம். காரணம் சொல்லக்கூடாது.

முகமூடியைக் கழற்றுவது

கழற்றலாம், கொஞ்ச நேரத்துக்கு. 1978 படத்தில் மைக்கேலின் முகமூடியை லாரி பிடித்து இழுத்துவிடுகிறாள். உள்ளே சாதாரண இளைஞன் ஒருவனின் முகம். அவளை விட்டுவிட்டு முகமூடியைத் திரும்ப மாட்டிக்கொள்வதில்தான் குறியாக இருக்கிறான். அந்த இடைவெளியில்தான் டாக்டர் சுடுகிறார்.

பிணங்களின் எண்ணிக்கை

குறையுங்கள்.

“அப்ப ஜேசன்?”

பாகம் பாகமாக வந்த இன்னொரு ஸ்லாஷர் வரிசையின் கொலைகாரன் அவன். கேட்பீர்கள் என்று தெரியும். 1980-இல் வந்த ‘ஃப்ரைடே தி தர்ட்டீன்த்’ படத்தில் கொலை செய்வது ஜேசனின் அம்மா. ஜேசனின் அடையாளமான ஹாக்கி முகமூடி 1982-இல், மூன்றாம் பாகத்தில்தான் வந்தது. அடுத்தடுத்த பாகங்கள்தான் ஜேசனையே உண்டாக்கின, ஒப்புக்கொள்கிறேன். நானும் ரசித்துப் பார்த்தவன்தான். ஆனால் ரசிகர்களோடு உட்கார்ந்து பாருங்கள்: அவன் திரையில் வந்ததும் விசில் அடிப்பார்கள். ஒருத்தராவது காலை சீட்டுக்கு மேலே இழுத்துக்கொள்கிறாரா என்று கவனியுங்கள்.