கை வண்ண ஜப்பானிய அஞ்சலட்டையின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஃபுஜி மலை, செர்ரி மலர்கள், காகிதக் குடை பிடித்த கிமோனோப் பெண். இப்படி ஒரு பழைய அட்டை கையில் கிடைத்தால் கண் படத்தை விட்டு நகராது. வயது தெரிய வேண்டுமானால் படத்தை நம்பாதீர்கள், அட்டையைத் திருப்புங்கள்.

படி 1: கோடு எங்கே?
தனியார் அச்சிட்ட அட்டைகளை ஜப்பான் அனுமதித்தது 1900 அக்டோபரில். அன்றைக்கு முகவரிப் பக்கத்தில் முகவரி மட்டும்தான். சேதியைப் படத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதியாக வேண்டும். 1907 மார்ச் இறுதியில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைச் சேதிக்கு விட்டார்கள். 1918 மார்ச்சில் அது பாதியானது. ஆகவே பிரிக்கும் கோடே இல்லையென்றால் 1907க்கு முந்தைய அச்சு. கோடு மூன்றில் ஒரு பங்கில் இருந்தால் 1907-1918, நடுவில் இருந்தால் அதற்குப் பிறகு.

படி 2: இரண்டு கீற்றுகள்
இது நடுக்கோட்டு அட்டைகளுக்கு. தலைப்பில் 'யூபின் ஹகாகி' (அஞ்சலட்டை) என ஐந்து எழுத்துகள் வலமிருந்து இடமாக இருக்கும். நான்காவது எழுத்தைப் பாருங்கள். நமக்குக் 'கல்', 'தங்கம்' இரண்டுக்கும் ஒரே ககரம் போதும். ஜப்பானியர் தங்கத்தின் ககரத்துக்கு எழுத்தின் தோளில் இரு கீற்றுகள் இடுவார்கள். 1933 பிப்ரவரி வரை அட்டைகளில் அந்தக் கீற்றுகள் இல்லை, பிறகு வந்தன. தலைப்பு இடமிருந்து வலமாக ஓடினால், பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அட்டை.

படி 3: அஞ்சல் முத்திரை
ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை. ஆண்டு பேரரசரின் ஆட்சிக் கணக்கு. மெய்ஜி ஆட்சி (1868-1912) என்றால் 1867ஐயும், தைஷோ ஆட்சி (1912-1926) என்றால் 1911ஐயும் கூட்டுங்கள். கோடில்லாத அட்டையில் 39 என்றிருந்தால் 1906.

படி 4: உருப்பெருக்கி
இப்போது படத்துக்கு வரலாம். இந்த அட்டைகளில் பெரும்பாலானவை கொலோடைப் முறையில் (ஜெலட்டின் பூசிய கண்ணாடித் தகட்டிலிருந்து அச்சிடுவது) கறுப்பு வெள்ளையில் அச்சாகி, பிறகு தூரிகையால் வண்ணம் பெற்றவை. பத்து மடங்கு கண்ணாடியில் வரிசைப் புள்ளிகளுக்குப் பதில் நுண்ணிய சுருக்கங்கள் தெரியும். வண்ணம் உதட்டையோ குடை விளிம்பையோ தாண்டி வழிந்திருந்தால் மகிழுங்கள், அது கைவேலை. வண்ணமே புள்ளிகளாகச் சிதறினால் அச்சு. ஒரே படத்தின் இரு அட்டைகளில் கிமோனோ ஒன்றில் நீலமாகவும் மற்றதில் சிவப்பாகவும் இருப்பதுண்டு. அவள் உண்மையில் எதை உடுத்தியிருந்தாள் என்று கேட்டுப் பயனில்லை.

படமும் சிலசமயம் சாட்சி சொல்லும். தோக்கியோவின் அசகுசாவில் 1890இல் எழுந்த பன்னிரண்டு மாடிக் கோபுரம் 1923 செப்டம்பர் நிலநடுக்கத்தில் முறிந்தது. அது முழுதாக நின்றால் புகைப்படம் அதற்கு முந்தையது. அட்டை அச்சான ஆண்டுக்கு மறுபடி பின்பக்கம்தான்.

அழுக்கைத் துடைக்க ஈரப்பஞ்சு வேண்டாம். நான் ஒருமுறை துடைத்தேன். பெண்ணின் இடைக்கச்சைச் சிவப்பு பஞ்சோடு வந்துவிட்டது.