தைத்துக் கொடுக்கிறீர்களா? முதலில் தோள் துணி தையுங்கள்

குழந்தை பிறக்கப்போகிற வீட்டுக்குக் கையால் ஏதாவது செய்து கொடுக்க ஆசை, என்ன செய்யலாம் என்று கேட்பவர்களிடம் நான் தயங்காமல் சொல்வது தோள் துணி. பால் குடித்த குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டும்போது கக்கும் பாலை வாங்கிக்கொள்ளும் துணி. குட்டிச் சட்டையும் தொப்பியும் பார்க்க அழகுதான். ஆனால் பிறந்த குழந்தையின் அளவுக்குத் தைத்தால் சில வாரங்களிலேயே பற்றாமல் போய்விடும். தோள் துணியோ இரவும் பகலும், மாதக் கணக்கில் வேண்டும். என் தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது வந்தவர்கள் எல்லாரும் உடுப்பாகவே கொண்டுவந்தார்கள். நடுராத்திரியில் அவள் தேடியதெல்லாம் காய்ந்த துணி ஒன்றைத்தான். அதனால் கொடுப்பதானால் குறைந்தது ஆறு கொடுங்கள். ஒன்று தோளில் இருக்கும்போது இரண்டு கொடியில் காயும்.

ஒரு பக்கத்துக்கு மெல்லிய பருத்தித் துணி, மறு பக்கத்துக்குப் பருத்தி டவல் துணி. பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம், ஈரத்தைச் சரியாக உறிஞ்சாது. வெட்டுவதற்கு முன் இரண்டையும் தனித்தனியாக அலசிக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பருத்தி முதல் அலசலில் சுருங்கும், அதுவும் இரண்டு துணியும் ஒரே அளவில் சுருங்காது. அலசாமல் தைத்தால் அந்தத் தாய் முதல் முறை துவைத்ததும் துணி சுருட்டிக்கொண்டு கோணலாகிவிடும். புதுத் துணியின் கஞ்சியும் இந்த அலசலிலேயே போய்விடும். அடர் நிறமாக இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதைக் குழந்தைக்கு எடுக்காதீர்கள்.

27 செ.மீ. அகலம், 52 செ.மீ. நீளத்தில் இரண்டையும் வெட்டுங்கள். நல்ல பக்கங்கள் உள்ளே வரும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் குண்டூசி நெருக்கமாகக் குத்துங்கள். டவல் துணி இழுபடும், அதனால் அது கீழே இருக்கட்டும். மெஷினில் ஊசிக்கு அடியில் இருக்கும் பல் அதைச் சீராக நகர்த்திவிடும். தையல் நீளம் 3 மி.மீ. வைத்து, ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே தள்ளிச் சுற்றித் தையுங்கள். நீளப் பக்கத்தில் கை நுழையும் அளவுக்கு இடம் விடுங்கள். மூலைகளில் மிஞ்சும் துணியைத் தையலை வெட்டாமல் நறுக்கிவிட்டு, விட்ட இடம் வழியாகத் திருப்புங்கள். மூலையைத் தள்ள மொட்டைப் பென்சில் போதும், கத்தரி முனை துணியைக் கிழித்துவிடும். அப்புறம் இஸ்திரி போட்டு, விளிம்பை ஒட்டி ஒரு சுற்றுத் தையல். திறந்த வாயும் அதிலேயே மூடிக்கொள்ளும். நடுவில் குறுக்காக இரண்டு வரி ஓட்டிவிட்டால் எத்தனை முறை துவைத்தாலும் அடுக்குகள் விலகாது.

அலங்காரத்தில் கை கொஞ்சம் கட்டுப்பாடாக இருக்க வேண்டும். பொத்தான், மணி, ரிப்பன், தொங்கும் நூல் எதுவும் கூடாது. பிய்ந்து வந்தால் நேரே வாய்க்குத்தான் போகும். பூவேலை செய்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு துணியையும் சேர்ப்பதற்கு முன்பே மேல் துணியில் போட்டுவிடுங்கள். முடிச்சுகள் உள்ளே போய்விடும், குழந்தையின் கன்னத்தில் உரசாது.

தலையணை, கனத்த மெத்தைப் போர்வை இரண்டையும் நான் தைத்துக் கொடுப்பதில்லை. ஒரு வயது வரை குழந்தை தூங்கும் இடத்தில் தலையணை, தளர்ந்த போர்வை, பொம்மை எதுவும் இருக்கக் கூடாது, மூச்சை அடைக்கும்.

தாய்க்கென்று தனியாக ஒன்று தைக்க விரும்பினால், கட்டில் ஓரத்தில் தொங்கும் பை தையுங்கள். மடியில் குழந்தை இருக்கும்போது தண்ணீர் எட்டாத தூரத்தில் இருப்பது எவ்வளவு அவஸ்தை என்பது பால் கொடுத்தவர்களுக்குத் தெரியும். கெட்டியான கான்வாஸ் துணியில் 40 செ.மீ. அகலம், 80 செ.மீ. நீளம் எடுத்து ஓரம் மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். பாதி நீளம் மெத்தைக்கு அடியில் போகும். மெத்தையின் கனமே அதைப் பிடித்துக்கொள்ளும். தொங்கும் பாதியில் மூன்று பைகள்: தண்ணீர் பாட்டிலுக்கு, போனுக்கு, தோள் துணிக்கு. பாட்டில் பையின் அடியில் ஒரு மடிப்பு வைத்துத் தைத்தால்தான் பாட்டில் உள்ளே இறங்கும். பைகளின் வாய் ஓரங்களில் இரட்டைத் தையல் போடுங்கள், கிழிவது அங்கேதான்.

எல்லாவற்றையும் கொடுப்பதற்கு முன் ஒரு முறை வாசனை இல்லாத சோப்பில் துவைத்து, வெயிலில் காயவைத்து மடியுங்கள். துணியை மிருதுவாக்கும் திரவம் சேர்க்காதீர்கள், டவல் துணி உறிஞ்சாமல் போகும். கூடவே ஒரு சின்னச் சீட்டு: பால் கறை பட்டால் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசவும், வெந்நீர் பட்டால் கறை படிந்துவிடும்.